அந்தமான் அரசு ஊழியர்களின் வழக்குகள்: தீர்ப்பாயத்தில் ‘மூத்த உறுப்பினர்’ கையில் என்ன இருக்கிறது?

நீங்கள் கிரேட் நிக்கோபாரில், காம்ப்பெல் பேயில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனியாரிட்டி பட்டியலில் உங்களுக்குக் கீழே இருந்தவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது, உங்களுக்கு வரவில்லை. மனு கொடுத்தீர்கள். ஆறு மாதம் ஓடிவிட்டது, பதில் இல்லை. அடுத்து எங்கே போவீர்கள்?

தமிழ்நாட்டு அரசு ஊழியராக இருந்தால் நேராக உயர் நீதிமன்றம்தான். அங்கே மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்தை மூடி ரொம்ப காலம் ஆகிவிட்டது. அந்தமான் நிக்கோபார் கதை வேறு. யூனியன் பிரதேசம் என்பதால், தீவு நிர்வாகத்தின் ஊழியர்கள் பணி விவகாரங்களுக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். ‘கேட்’ என்றால் தீவில் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர், போலீஸ்காரர், பொதுப்பணித் துறை ஊழியர், தபால் ஊழியர் என யாராக இருந்தாலும் அங்கேதான் போக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தமிழ் தாய்மொழி. தொழில் என்று பெரிதாக எதுவும் இல்லாத ஊரில் அரசு வேலைதான் பல குடும்பங்களுக்குச் சோறு. ஆகவே இந்தத் தீர்ப்பாயம் எப்படி நடக்கிறது என்பது அங்கே சட்டக் கல்லூரி விஷயம் அல்ல.

சிக்கல் என்னவென்றால், தீவுகளுக்கென்று தனி நிரந்தர பெஞ்ச் கிடையாது. மேற்கு வங்கம், சிக்கிம், அந்தமான் நிக்கோபார் மூன்றும் கொல்கத்தா பெஞ்சின் எல்லைக்குள் வருகின்றன. அந்த பெஞ்சின் உறுப்பினர்கள் அவ்வப்போது ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது 2024 செப்டம்பரில் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு, வந்து ‘சர்க்யூட்’ அமர்வு நடத்துகிறார்கள். நடுவில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் கடல். ஆண்டுக்கு எத்தனை முறை வர வேண்டும், எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அந்த ‘யாரோ ஒருவர்’ பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சட்டத்தில் இல்லாத பதவி

1985-ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவு வரை புரட்டினாலும் ‘மூத்த உறுப்பினர்’ என்று ஒரு பதவியைப் பார்க்க முடியாது. தலைவர் உண்டு. நீதித்துறை உறுப்பினர், நிர்வாக உறுப்பினர் என்று இரண்டு வகை உறுப்பினர்கள் உண்டு. சாதாரணமாக ஒரு பெஞ்ச் என்றால் இந்த இரண்டு வகையிலும் ஒவ்வொருவர். சட்டம் தெரிந்தவர் ஒருவர், அரசு அலுவலகத்தின் உள்வேலை தெரிந்தவர் ஒருவர். அரசமைப்புச் சட்டத்தின் 42-வது திருத்தம் 1976-இல் கொண்டுவந்த 323ஏ பிரிவுதான் இதற்கெல்லாம் வேர். தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது 1985 நவம்பர் 1-இல்.

முன்பு துணைத் தலைவர் என்று தனிப் பதவி இருந்தது. கொல்கத்தா போன்ற பெஞ்சுகளில் அவர்தான் வீட்டுக்குப் பெரியவர். 2006-இல் நிறைவேறி 2007 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அந்தப் பதவியை எடுத்துவிட்டது. அதற்குப் பதில் 12-வது பிரிவில் ஒரு வழி வைத்தார்கள். தலைவரைக் கலந்தாலோசித்து, உறுப்பினர்களில் ஒருவரையோ சிலரையோ துணைத் தலைவர் என்று மத்திய அரசு குறிப்பிடலாம். தலைவர் எழுத்து மூலம் ஒப்படைக்கும் நிதி, நிர்வாக அதிகாரங்களை மட்டும் அவர் செலுத்தலாம். ‘ஒப்படைக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதிகாரம் பதவியோடு கூடப் பிறந்தது அல்ல, கடன் வாங்கியது.

நடைமுறையில், டெல்லிக்கு வெளியே உள்ள பெஞ்சுகளில் மூத்த உறுப்பினர்தான் அலுவலகத்தின் துறைத் தலைவர். ‘ஹெச்.ஓ.டி.’ என்றுதான் கோப்புகளில் எழுதுவார்கள். பதிவாளர் அலுவலகம், ஊழியர், பணம், கட்டடம், கம்ப்யூட்டர், எந்த வழக்கு எந்தத் தேதியில் என்ற பட்டியல், சர்க்யூட் பயணம் எல்லாம் அவர் மேசைக்கு வந்துதான் போகும்.

அதாவது, உங்கள் வழக்கின் தலைவிதியில் பாதி, தீர்ப்பு எழுதும் பேனாவில் இல்லை. இந்த அன்றாட வீட்டு நிர்வாகத்தில் இருக்கிறது.

14 நாள் கணக்கு

இது ஏன் தீவுக்காரர்களுக்கு உறைக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு பிரிவைப் பார்த்தால் போதும். சட்டத்தின் 24-வது பிரிவு. எதிர்த்தரப்புக்கு நகல் கொடுத்து, அவர்களுக்கும் பேச வாய்ப்புக் கொடுத்த பிறகே தீர்ப்பாயம் இடைக்கால உத்தரவு போட வேண்டும் என்பது பொது விதி. பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு வரும் என்றால், காரணத்தை எழுதிவைத்துவிட்டு, எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே தடை கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும் தடைக்கு ஆயுள் 14 நாள். அதற்குள் நகல் போய்ச் சேர்ந்து, தரப்புகளைக் கேட்டு, தீர்ப்பாயம் தடையை நீட்டிக்க வேண்டும். இல்லையென்றால் அது தானாகவே செத்துப்போகும்.

இப்போது இதை நிலப்படத்தில் வைத்துப் பாருங்கள். டிக்லிபூரிலிருந்து கார் நிக்கோபாருக்கு உங்களை மாற்றியிருக்கிறார்கள். சர்க்யூட் அமர்வு ஊரில் இருக்கும்போது அவசரத் தடை வாங்கிவிட்டீர்கள். அமர்வு முடிந்து உறுப்பினர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். 14-வது நாள் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? கொல்கத்தாவில் காணொலி வழியாக ஓர் அமர்வு ஏற்பாடு செய்யப்பட்டால் தடை பிழைக்கும். ஏற்பாடு செய்யாவிட்டால், உங்கள் வாதம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் நீங்கள் கப்பலேற வேண்டியதுதான். அந்த ஏற்பாட்டைச் செய்வது வாதம் செய்யும் வக்கீலும் அல்ல, அரசும் அல்ல. பெஞ்சின் பெரியவர்.

(பணி மாறுதல் உத்தரவுகளில் நீதிமன்றங்கள் லேசில் தலையிடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதியை மீறியிருந்தாலோ, கெட்ட நோக்கம் தெரிந்தாலோ தவிர தலையிடக் கூடாது என்று ஷில்பி போஸ் வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தடை கிடைக்கும் என்று நம்பி மூட்டை கட்டாமல் இருக்காதீர்கள்.)

உறுப்பினர் பற்றாக்குறையும் இதே கதைதான். இருவர் இருந்தால்தான் முழு பெஞ்ச். ஒருவர் ஓய்வு பெற்று அந்த நாற்காலி காலியாக இருந்தால்? 5-வது பிரிவு இரண்டு வழி தருகிறது. ஒரு பெஞ்சின் உறுப்பினரை இன்னொரு பெஞ்சிலும் உட்காரத் தலைவர் பணிக்கலாம். சில வகை வழக்குகளை ஒற்றை உறுப்பினரே கேட்கலாம் என்றும் அவர் உத்தரவிடலாம். ஒரு சட்டமோ விதியோ செல்லுமா என்ற கேள்வி எழுந்தால் மட்டும் ஒற்றை உறுப்பினர் தொடக் கூடாது. நீதித்துறை உறுப்பினர் ஒருவராவது இருக்கும் இருவர் பெஞ்சுக்கு அது போக வேண்டும். 1997 மார்ச்சில் வந்த எல். சந்திரகுமார் தீர்ப்பு அதை உறுதி செய்தது. தீர்ப்பாயத்தின் முடிவுகளை உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்சில் எதிர்க்கலாம் என்ற கதவைத் திறந்ததும் அதே தீர்ப்புதான். அந்தமானுக்கு அது கல்கத்தா உயர் நீதிமன்றம். அதற்கும் ஸ்ரீ விஜயபுரத்தில் ஒரு சர்க்யூட் பெஞ்ச் இருக்கிறது.

ஆள் இல்லை என்பதை டெல்லிக்குத் திரும்பத் திரும்ப எழுதுவதும், பக்கத்து பெஞ்சிலிருந்து ஆள் கேட்டு வாங்குவதும், கையில் இருக்கும் ஒருவரை வைத்து எந்த வழக்குகளை நகர்த்தலாம் என்று பிரிப்பதும் மூத்த உறுப்பினரின் வேலை. இதைச் செய்ததற்கு யாரும் மாலை போடப்போவதில்லை. செய்யாமல் விட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. எனக்கு உறுத்துவது இந்த இரண்டாவது விஷயம்தான்.

பெரியவர் என்றால் எஜமானர் அல்ல

அதிகாரம் இருக்கிறது என்றால் எதுவரை? இதற்கு விடை அந்தமானிலிருந்து வரவில்லை, நைனிடாலிலிருந்து வந்தது.

வனப் பணி அதிகாரி சஞ்சீவ் சதுர்வேதி, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தலைமைக் கண்காணிப்பு அதிகாரியாக இருந்தவர். தன் பணி மதிப்பீட்டு அறிக்கையை எதிர்த்து அவர் போட்ட வழக்கு, தீர்ப்பாயத்தின் நைனிடால் சர்க்யூட் பெஞ்சில் இருவர் முன்பு நடந்துகொண்டிருந்தது. அதை டெல்லிக்கு மாற்றச் சொல்லி மத்திய அரசு கேட்டது. தீர்ப்பாயத்தின் தலைவர் தனியாக உட்கார்ந்து, நைனிடால் விசாரணைக்கே தடை போட்டார். 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. வழக்கை ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்கு மாற்ற 25-வது பிரிவு தலைவருக்கு அதிகாரம் தருகிறது, சரி. ஆனால் இருவர் உட்கார்ந்து நடத்தும் விசாரணையைத் தனி ஒருவராக நிறுத்திவைக்க அவரால் முடியாது; தலைவர் என்பவர் சமமானவர்களில் முதலானவர், அவ்வளவுதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

தலைவருக்கே எல்லை இது என்றால், ஒரு பெஞ்சின் மூத்த உறுப்பினருக்கு? பட்டியல் போடலாம், அமர்வு அமைக்கலாம், இளைய உறுப்பினருக்கு நடைமுறை சொல்லித்தரலாம், தேங்கிக் கிடக்கும் தீர்ப்பை ‘எப்போது எழுதி முடிப்பீர்கள்’ என்று கேட்கலாம். ‘இப்படித் தீர்ப்பு எழுதுங்கள்’ என்று சொல்ல முடியாது.

இருவர் பெஞ்சில் இருவருக்கும் கருத்து வேறுபட்டால் கூட மூத்தவர் பேச்சு எடுபடாது. 26-வது பிரிவின்படி, எதில் வேறுபடுகிறோம் என்று எழுதித் தலைவருக்கு அனுப்ப வேண்டும். அவரே கேட்பார், அல்லது வேறு உறுப்பினருக்கு அனுப்புவார். முதலில் கேட்டவர்களையும் சேர்த்து எண்ணி, பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுவே முடிவு. இருவரும் ஒத்துப்போனாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. இதற்கு முன் இன்னொரு இருவர் பெஞ்ச் இதே கேள்வியில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால், அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது, பெரிய பெஞ்சுக்கு அனுப்ப வேண்டும். டெல்லி போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்களின் சீனியாரிட்டி வழக்கில், ரூப்லால் வழக்கு என்பார்கள், இதே தீர்ப்பாயத்தைத்தான் உச்ச நீதிமன்றம் 1999 டிசம்பரில் கண்டித்தது. இன்று டிக்லிபூர் ஆசிரியருக்கு ஒரு நீதி, நாளை ரங்கத் ஆசிரியருக்கு வேறு நீதி என்று ஆகாமல் பார்ப்பது யார்? பழைய தீர்ப்புகளைக் கையில் வைத்திருக்கும் மூத்தவர்தான். உறுப்பினர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இந்த ஞாபகம் பெரிய சொத்து.

கொல்கத்தா பெஞ்சைச் சுற்றி நடந்த இன்னொரு வழக்கு, தீவு ஊழியர்களுக்கு நேரடியாகவே பாடம். மேற்கு வங்கத்தின் முன்னாள் தலைமைச் செயலர் ஆலாபன் பந்தோபாத்யாய், 2021 மே மாதம் யாஸ் புயலுக்குப் பிறகு பிரதமர் கலைக்குண்டாவில் நடத்திய கூட்டம் தொடர்பான ஒழுங்கு நடவடிக்கையை எதிர்த்துக் கொல்கத்தா பெஞ்சில் வழக்குப் போட்டார். அக்டோபரில் டெல்லி முதன்மை பெஞ்ச் அதைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது. கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரே வாரத்தில் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்கத்தா உத்தரவை ரத்து செய்தது. மாற்றல் உத்தரவு போட்டது டெல்லி பெஞ்ச், ஆகவே அதை டெல்லி உயர் நீதிமன்றத்தில்தான் எதிர்க்க வேண்டும் என்றது. முன்னாள் தலைமைச் செயலர் டெல்லிக்குப் போய் வழக்கு நடத்துவார். காம்ப்பெல் பே கிளார்க்? 2023 மார்ச்சில், சதுர்வேதி சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வே இந்த நிலைப்பாட்டின் மீது யோசனை தெரிவித்து, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஊழியர்களின் வாசலுக்கே நீதி போக வேண்டும் என்றுதான் தீர்ப்பாயத்துக்குப் பல ஊர்களில் பெஞ்ச் வைத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆஸ்திரேலியா எழுதி வைத்திருக்கிறது

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புதிய உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பழைய நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைக் கலைக்கப்போவதாக 2022 டிசம்பரில் அரசு அறிவித்தது. அரசியல் வேண்டியவர்களை உறுப்பினர்களாக நியமித்தார்கள் என்ற குற்றச்சாட்டு அதன் பெயரைக் கெடுத்திருந்தது. 2024 அக்டோபர் 14 முதல் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் என்ற புதிய அமைப்பு வேலை செய்கிறது. விசா மறுக்கப்பட்டவர்கள், அகதிப் பாதுகாப்பு மறுக்கப்பட்டவர்கள், அவர்களில் ஈழத் தமிழர்களும் உண்டு, மறுஆய்வு கேட்டுப் போகும் இடம் அது.

அங்கே ‘மூத்த உறுப்பினர்’ என்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட பதவி. தலைவர், துணைத் தலைவர்கள், மூத்த உறுப்பினர்கள், பொது உறுப்பினர்கள் என்று படிக்கட்டு தெளிவாக இருக்கிறது. துறைவாரியான பிரிவுகளுக்குத் தலைமை தாங்க ஆள் உண்டு. உறுப்பினர்களுக்கான நடத்தை விதியையும் செயல்பாட்டுத் தரத்தையும் தலைவர் வெளியிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அங்கே எல்லாம் பாலும் தேனும் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. வழக்குகள் அங்கும் மலையாகக் கிடக்கின்றன. ஆனால் தலைமைப் பொறுப்பில் இருப்பவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று எழுத்தில் இருந்தால், அது நடக்காதபோது கேள்வி கேட்க ஒரு காகிதமாவது இருக்கும். நம் ஊரில் அது பழக்கத்திலும் உள்சுற்றறிக்கையிலும் நிற்கிறது.

பழக்கம் ஊன்றவும் காலம் வேண்டும். 2021-ஆம் ஆண்டின் தீர்ப்பாயங்கள் சீர்திருத்தச் சட்டம் உறுப்பினர்களின் பதவிக்காலத்தை நான்கு ஆண்டு என்று வைத்தது. முதல் ஆண்டு விதிகளைப் பிடிக்கப் போய்விடும், கடைசி ஆண்டு கிளம்புவதில் போய்விடும். நடுவில் எத்தனை நாள் ஒருவர் மூத்தவராக இருந்து எதைச் சீர்படுத்துவார்? அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2025 நவம்பர் 19-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. ஏற்கெனவே தான் ரத்து செய்த ஏற்பாடுகளையே அரசு மறுபடி சட்டமாக்கியிருக்கிறது என்று கடிந்துகொண்டு, தேசியத் தீர்ப்பாயங்கள் ஆணையம் ஒன்றை நான்கு மாதத்துக்குள் அமைக்கவும் சொன்னது.

உத்தரவு வந்த பிறகு

வழக்கில் ஜெயித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் 2023-ஐ நினைத்துப் பார்க்கட்டும். தீவு நிர்வாகத்தின் நாள்கூலித் தொழிலாளர்கள், தீவு மொழியில் ‘டி.ஆர்.எம்.’, உயர்த்தப்பட்ட கூலிக்கும் அகவிலைப்படிக்கும் போராடினார்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது. முழுதாக அமலாகவில்லை. 2023 ஆகஸ்ட் 3-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் பெஞ்ச், அவமதிப்பு வழக்கில், தலைமைச் செயலரைப் பணியிடை நீக்கம் செய்தது. துணைநிலை ஆளுநர் சொந்தப் பணத்திலிருந்து 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. நாடே திரும்பிப் பார்த்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது.

அது உயர் நீதிமன்றத்தின் கதை. ஆனால் 17-வது பிரிவின்படி அவமதிப்பு விஷயத்தில் உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் தீர்ப்பாயத்துக்கும் உண்டு. எடுத்த எடுப்பில் அவ்வளவு பெரிய ஆயுதத்தை வீச வேண்டிய நிலை வராமல் இருக்க ஒரே வழி, அமலாக்கத்தைத் தொடர்ந்து கண்காணிப்பது. இந்த உத்தரவு இத்தனை மாதமாகக் கிடக்கிறது, ஏன் என்று அடுத்த சர்க்யூட் அமர்விலேயே நிர்வாகத்தைக் கேட்பது. அவமதிப்பு மனுக்கள் பட்டியலின் கடைசியில் போய் ஒளிந்துகொள்ளாமல் பார்ப்பதும் அந்த ஹெச்.ஓ.டி. மேசைதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

மேலே இருப்பவர் எப்படி இருந்தாலும், உங்கள் கையில் இருக்கும் சில விஷயங்கள் உண்டு. துறைக்குள் மனு கொடுத்துப் பாருங்கள்; இறுதி உத்தரவு வந்தாலோ, ஆறு மாதம் பதில் இல்லாமல் போனாலோதான் தீர்ப்பாயக் கதவு திறக்கும். அங்கிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தாமதத்தை மன்னிக்க அதிகாரம் உண்டு, ஆனால் காரணம் உருப்படியாக இருக்க வேண்டும். ‘மறுபடியும் மறுபடியும் மனு கொடுத்துக்கொண்டிருந்தேன்’ என்று சொன்னால் கடிகாரம் நிற்காது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மனுவுக்குக் கட்டணம் 50 ரூபாய். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். ஒரே குறை உள்ள பலர், அனுமதி கேட்டு, ஒரே மனுவாகப் போடலாம். சங்கமும் போடலாம், பாதிக்கப்பட்டவர் ஒருவராவது கூடச் சேர வேண்டும். பணி ஓய்வு பெற்று மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ திரும்பிவிட்டவர்களுக்கு ஒரு செய்தி: ஓய்வு பெற்றவர்களும் பணி நீக்கப்பட்டவர்களும் தாங்கள் இப்போது வசிக்கும் இடத்துக்குரிய பெஞ்சில் மனு போட விதி இடம் தருகிறது. பென்ஷன் பாக்கிக்காகக் கொல்கத்தாவுக்கு அலைய வேண்டாம், சென்னையிலேயே போடலாம்.

வழக்கு பட்டியலில் வராமல் கிடந்தால், விரைவு விசாரணை கோரித் தனி மனு கொடுங்கள். அவசரம் என்ன என்பதைத் தேதியோடு எழுதுங்கள். ஓய்வு பெறும் நாள், மாறுதலில் சேர வேண்டிய நாள், 14 நாள் தடை முடியும் நாள். தீர்ப்பில் கணக்குப் பிழையோ கண்ணில் தெரியும் தவறோ இருந்தால், சீராய்வு மனுவுக்கு நகல் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். ஜெயித்தும் அமலாகாவிட்டால், அவமதிப்பு மனுவுக்கு ஓராண்டு. அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் இன்றே வட்டம் போட்டு வையுங்கள்.